நர்ஸம்மாளின் சம்பளம்

சம்பளம் என்பது செய்த வேலைக்குக் கிடைக்கும் பிரதிபலன் என்று பள்ளிக்கூடத்தில் நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். கிராமச் சுகாதார நர்ஸின் விஷயத்தில் இந்தப் பாடம் அவ்வளவாகச் செல்லுபடியாவதில்லை.

சமவெளியில் 5,000 பேருக்கும், மலைப் பிரதேசத்தில் 3,000 பேருக்கும் ஒரு துணைச் சுகாதார நிலையம் இருக்க வேண்டுமென்பது சர்க்கார் கணக்கு. அந்த நிலையத்துக்கு எஜமானியும் சிப்பந்தியும் நர்ஸம்மாள்தான். கர்ப்பிணிகளின் பெயரைப் பதிவு செய்து, மாதந்தோறும் எடை பார்த்து, பிறந்த குழந்தைக்குத் தடுப்பூசி போடுவது அவர் கடமை. முத்துலட்சுமி ரெட்டி பெயரால் வழங்கும் மகப்பேறு உதவித் தொகைக்கு விவரங்களைக் கணினியில் ஏற்றுவதும் அவரே. பணம் வரத் தாமதமானால் மாமியார்மார்களிடம் வசவு வாங்கிக் கொள்வதும் அவரேதான்! இதற்கு மட்டும் எந்தச் சம்பளப் பட்டியலிலும் இடம் கிடையாது.

இந்த அம்மையாரின் ஊதியத்தை நிர்ணயிப்பது எது? முதலாவது படிப்பு. மேல்நிலைப் பள்ளிக்குப் பிறகு இரண்டு வருஷப் பயிற்சி பெற்றவர் அவர். ஆஸ்பத்திரி நர்ஸ் மூன்று அல்லது நான்கு வருஷம் படித்தவர். ஆகையால் ஒரு படி கீழே வைத்திருக்கிறார்கள். இதில் நாம் குற்றம் காணவில்லை. ஆனால் பகுதிச் சுகாதார நர்ஸ், சமுதாயச் சுகாதார நர்ஸ் என்று மேலே உள்ள படிகளோ வெகு சொற்பம்.

இரண்டாவது காரணம் சற்று விசித்திரமானது. அறுவைச் சிகிச்சையில் பிழைத்தவர் டாக்டரைக் கும்பிடுகிறார். தொண்டை அடைப்பான் வராமலே போன குழந்தையின் தாயார் யாரைக் கும்பிடுவார்? வராத வியாதி கண்ணுக்குத் தெரிவதில்லை. தெரியாத வேலைக்குக் கூலி உயர்த்திக் கேட்பதும் கடினம்.

பொருள் அருகினால் விலை ஏறும் என்பது சந்தை நியாயம். 1946-ல் போர் கமிட்டியார் கணக்கெடுத்தபோது இந்தியா முழுமைக்கும் நர்ஸுகள் சுமார் 7,000 பேர். வீடு வீடாகச் செல்லும் சுகாதார விஸிட்டர்கள் 750 பேர்தான். இவ்வளவு அருகியிருந்தும் விலை ஏறிவிடவில்லை. ஏனெனில், கிராமத்து நர்ஸின் உழைப்பை வாங்குபவர் ஒருவரே, அதாவது சர்க்கார். ஒரே வியாபாரி உள்ள சந்தையில் விலை சொல்வது விற்பவர் அல்லவே!

எல்லாவற்றையும் விடப் பெரிய காரணம் நியமன உத்தரவு. 2015-ல் தமிழ்நாட்டில் ஏழாயிரத்துக்கு மேற்பட்ட நர்ஸுகளைப் போட்டிப் பரீட்சை வைத்தே தேர்ந்தெடுத்தார்கள். ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் அமர்த்தி, மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம் என்றார்கள். 2016 முதல் நடப்புக்கு வந்த ஏழாவது சம்பளக் கமிஷன் விகிதப்படி, மத்திய சர்க்கார் ஆஸ்பத்திரியில் நர்ஸின் ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 44,900 ரூபாய். ஊசியும் மருந்தும் ஒன்றே; இரவு டியூட்டியும் ஒன்றே. இவ்வளவு குறைந்த தொகைக்கு ஏன் ஒப்புக்கொண்டார்கள் என்று நேயர்கள் கேட்கலாம். சிறிய தனியார் ஆஸ்பத்திரிகள் கொடுத்தது அநேகமாக அதற்கும் கீழே. இங்கேயோ பிற்பாடு நிரந்தரமாகும் என்ற நம்பிக்கை இருந்தது.

2016 அக்டோபரில், பஞ்சாப் ராஜ்யத்தின் வழக்கொன்றில், ஒரே வேலையைச் செய்யும் தற்காலிக ஊழியருக்கும் நிரந்தர ஊழியரின் குறைந்தபட்சச் சம்பளம் உண்டு என்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. தீர்ப்பு தானாக நடந்து வந்து சம்பளப் பட்டியலில் ஏறிக்கொள்ளுமா? 2017 நவம்பரில் நர்ஸுகள் சென்னையில் மருத்துவ இயக்குநரக வளாகத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். அப்போது, சேவை செய்யும் பெண்கள் பணம் கேட்கலாமா என்று அங்கலாய்த்தவர்களும் உண்டு. நீதிபதிகளும் என்ஜினீயர்களும் செய்வது சேவை இல்லையா என்ன?

பின்னர் தொகுப்பூதியம் படிப்படியாக உயர்ந்தது. பலர் நிரந்தரமாகவும் ஆனார்கள். ஆனால் காலியிடம் ஏற்பட்டபோதுதான். காலியிடம் எத்தனை என்பதோ நிதி இலாகா எத்தனை இடங்களை மஞ்சூர் செய்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. வாசலில் காத்திருக்கும் கர்ப்பிணிகளின் தொகைக்கும் அந்தக் கணக்குக்கும் சம்பந்தம் அதிகமில்லை.