கல்லாவுக்கு ஒரு லேப்டாப்: எதைப் பார்த்து வாங்குவது?

கடைக்குக் கம்ப்யூட்டர் தேவையா என்ற பேச்சு முடிந்து வெகுநாளாகிறது. 2017 ஜூலை முதல் தேதி ஜி.எஸ்.டி. வந்த பிறகு, சிட்டையையும் பேரேட்டையும் மட்டும் வைத்துச் சமாளிக்கிற வியாபாரிகள் குறைந்துவிட்டார்கள். ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டிய மொத்த வியாபாரிகள், மற்ற வியாபாரிகளுக்குப் போடும் பில்லை 2023 ஆகஸ்டு முதல் அரசாங்கத் தளத்தில் பதிந்தே தர வேண்டியிருக்கிறது. இப்போது நம் உறுப்பினர்கள் கேட்கிற கேள்வி வேறு. கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கும் பழைய மேசைக் கம்ப்யூட்டர் ஓய்ந்துவிட்டது. அதே இடத்தில் இன்னொன்றை வைப்பதா, அல்லது லேப்டாப்பாக வாங்கிவிடுவதா?

இரண்டுக்கும் ஒரே விலை கொடுத்தால், வேகத்தில் மேசைக் கம்ப்யூட்டர்தான் முந்தும். ரிப்பேருக்கும் அதுவே சுலபம். கடையில் நல்ல இன்வெர்ட்டர் இருந்து, கணக்கு வேலை முழுவதும் கடையிலேயே முடிகிறது என்றால் லேப்டாப் தேவையில்லை. ஆனால் திருவள்ளூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி பக்கத்துக் கடைகளில் பகலெல்லாம் வியாபாரம், இரவு வீட்டில்தான் கணக்கு. ஆடிட்டரிடம் கையோடு எடுத்துப் போக வேண்டிய நாளும் உண்டு. மின்சாரம் போனால் லேப்டாப்பில் பில் பாதியில் நிற்காது. மேசைக் கம்ப்யூட்டருக்குத் தனியாக யு.பி.எஸ். வாங்கி, சில ஆண்டுக்கு ஒருமுறை அதன் பேட்டரியையும் மாற்ற வேண்டும். (பில் பிரிண்டருக்கு மட்டும் சின்ன யு.பி.எஸ். வேண்டும், இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.) 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நம் மாவட்டத்தில் தண்ணீர் நின்றது நினைவிருக்கும். மேசைக்கு அடியில் தரையில் வைத்த பெட்டிதான் முதலில் நனையும். லேப்டாப் என்றால் கல்லாப் பணத்தோடு அதையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.

வாங்குவது என்று முடிவானதும் முதலில் கண்ணில் படுவது ரிச்சி தெருவில் கிடைக்கும் பழைய லேப்டாப்புகள். பெரிய கம்பெனிகள் சில ஆண்டு ஓட்டிவிட்டுக் கழிக்கும் மிஷின்கள் இவை. உறுதியாக இருக்கும், விலையும் குறைவு. இவற்றை வாங்கவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் இதில் ஒரு கண்ணி இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11, இன்டெல் என்றால் பொதுவாக எட்டாவது தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸரைத்தான் ஏற்கும். அதனால் ஏழாவது தலைமுறையும் அதற்கு முந்தியதும் மலிவாகக் கிடைக்கின்றன. தலைமுறையைக் கண்டுபிடிப்பது சுலபம். ஐ5-7200யூ என்றால் ஏழாவது, ஐ5-8250யூ என்றால் எட்டாவது, ஐ5-10210யூ என்றால் பத்தாவது. ஐ5-1235யூ என்றிருந்தால் முதலாவது அல்ல, பன்னிரண்டாவது. "அதிலும் விண்டோஸ் 11 போட்டுத் தருகிறேன்" என்று சொல்லும் கடைக்காரர் உண்டு. குறுக்கு வழியில் ஏற்றலாம், உண்மைதான். ஆனால் பிற்பாடு வரும் அப்டேட்டுக்கு யாரும் பொறுப்பில்லை. வங்கிக் கணக்கும் ஜி.எஸ்.டி. கடவுச்சொல்லும் புழங்கும் மிஷினில் இந்தச் சிக்கனம் வேண்டாம்.

புதிதாக வாங்குகிறவர்கள் பிராசஸருக்கு அதிகம் கொட்ட வேண்டாம். பில் போட, டாலி ஓட்ட, ரிட்டர்ன் தாக்கல் செய்ய, நடுத்தர வகையே தாராளம். பெயரின் கடைசியில் 'எச்' எழுத்து உள்ளவை கனமான வேலைக்கானவை; சூடும் அதிகம், விலையும் அதிகம். அந்தப் பணத்தை ரேமில் போடுங்கள். 8 ஜி.பி.க்குக் குறைந்து எடுக்கவே கூடாது. டாலியோடு நாலைந்து இணையப் பக்கங்களையும் திறந்து வைப்பவருக்கு 16 நல்லது. முன்பெல்லாம் குறைந்த ரேமோடு வாங்கி, பிறகு ஏற்றிக்கொள் என்பார்கள். 2025 பிற்பகுதியில் ரேம் விலை உலகெங்கும் கடுமையாக ஏறியது. எனவே இரண்டு விலையையும் அன்றைய தேதியில் கேட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். சில மெல்லிய மாடல்களில் ரேம் போர்டோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருக்கும், பிறகு ஏற்றவே முடியாது. காலி ஸ்லாட் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளவும். ஹார்ட் டிஸ்க் கூடாது, எஸ்.எஸ்.டி.தான். கடைக் கணக்குக்கு 256 ஜி.பி.யே போதும், 512 கிடைத்தால் நல்லது.

மளிகைக் கடைக்காரருக்கு எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்றை விளம்பரத்தில் போடவே மாட்டார்கள். அது கீபோர்டின் வலப்பக்கம் தனியாக இருக்கும் எண் பலகை. நாள் முழுவதும் விலையும் எடையும் அடிக்கிற கைக்கு அது இல்லாவிட்டால் பெரும் தொல்லை. 15.6 அங்குல மாடல்களில் பெரும்பாலும் இருக்கும், 14 அங்குலத்தில் பெரும்பாலும் இருக்காது. பிரிண்டர், பார்கோடு ஸ்கேனர், மவுஸ், இந்த மூன்றுக்கே மூன்று யு.எஸ்.பி. வாய் போய்விடும். அதையும் எண்ணிப் பாருங்கள்.

இனி பில். 50,000 ரூபாய் மிஷினில் 18 சதவீத வரி 7,627 ரூபாய் அடங்கியிருக்கிறது. கடையின் ஜி.எஸ்.டி. எண்ணைச் சொல்லி, அது அச்சான பில்லை வாங்கினால்தான் இது உள்ளீட்டு வரியாகத் திரும்பும். விற்றவர் தம் ரிட்டர்னில் அந்தப் பில்லைக் காட்ட வேண்டும், நம் 2பி-யில் அது வர வேண்டும். ஆன்லைனில் வாங்கினாலும் ஆர்டர் போடும்போதே எண்ணைக் கொடுக்க வேண்டும். வரி இல்லாத சில்லறை அரிசி பருப்பையும் வரியுள்ள சரக்கையும் சேர்த்து விற்கும் கடைக்கு இந்த வரவு முழுதாக நிற்காது, விகிதப்படிதான், ஆடிட்டரைக் கேளுங்கள். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு வரவே கிடையாது. அவர்கள் மொத்த விலையைத்தான் அடக்கவிலையாக வைத்துப் பார்க்க வேண்டும். வரவு எடுத்த வரித்தொகைக்குத் தேய்மானமும் சேர்த்துக் காட்டக்கூடாது.

வாரண்டியில் 'ஆன்சைட்' என்றிருந்தால் ஆள் கடைக்கே வருவார். ஆனால் நம் பின்கோடுக்கு வருவாரா? 601201 கும்மிடிப்பூண்டிக்கும் 602001 திருவள்ளூருக்கும் அந்தச் சேவை உண்டா என்று பணம் கட்டும் முன்பே கேட்டு, எழுதி வாங்கவும். இல்லாவிட்டால் ஒவ்வொரு கோளாறுக்கும் மிஷினைத் தூக்கிக்கொண்டு சென்னைக்கு ரயிலேற வேண்டியதுதான்.

வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றைக்கே செய்ய வேண்டியவை சில. முதன்முதலில் திறக்கும்போது விண்டோஸ் ஒரு மின்னஞ்சல் கணக்கைக் கேட்கும். அதை முதலாளியின் பெயரில் கொடுங்கள். செட்டப் செய்யும் பையனின் மின்னஞ்சலைக் கொடுத்தால், டிஸ்க்கைப் பூட்டும் ரகசிய எண் அவர் கணக்குக்குப் போய்விடும். அவர் வேலையை விட்டுப்போன பிறகு ஒரு நாள் மிஷின் அந்த எண்ணைக் கேட்டால், அதில் உள்ள கணக்கு அத்தனையும் பூட்டிய பெட்டகத்தில் வைத்தது போலத்தான். ஜி.எஸ்.டி. சட்டப்படி கணக்குகளை, ஆண்டு ரிட்டர்னின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். ஆகவே தினமும் கடை அடைக்கும் முன் டாலியில் பேக்கப் எடுத்து ஒரு பென்டிரைவில் போட்டு, அதை லேப்டாப் பையில் வைக்காமல் வேறிடத்தில் வையுங்கள். பை தொலைந்தால் இரண்டும் சேர்ந்து தொலையும்.

நாள் முழுவதும் சார்ஜரிலேயே ஓடும் மிஷினின் பேட்டரி சீக்கிரம் உப்பிப்போகும். பெரும்பாலான கம்பெனிகள் 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதியைத் தருகின்றன, அதைப் போட்டுவிடுங்கள். மூட்டையின் மேலோ துணியின் மேலோ வைக்க வேண்டாம், அடிப்பக்கக் காற்று வழி அடைபடும். மிளகாய்த்தூளும் மாவும் பொட்டலம் போடும் இடத்திலிருந்து நாலடி தள்ளியே வையுங்கள். அந்தத் தூசு விசிறிக்குள் போய்ப் படிந்தால் மிஷின் சூடேறி, மாலை நேரக் கூட்டத்தில்தான் படுத்துவிடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தெரிந்த மெக்கானிக்கை விட்டுத் திறந்து ஊதிச் சுத்தம் செய்தால் போதும். வாரண்டி இருக்கும்வரை அந்த வேலையை சர்வீஸ் சென்டரிலேயே கொடுப்பது நல்லது.