வா-வா பெடலை உங்கள் காலுக்கு ஏற்ப அமைப்பது எப்படி?

இறக்குவானைப் பக்கமோ எட்டியாந்தோட்டைப் பக்கமோ ஒரு தோட்டத்து இசைக்குழுவில் கிட்டார் வாசிப்பவரா நீங்கள்? யாரோ பாவித்த வா-வா பெடல் ஒன்று உங்கள் கைக்கு வந்திருக்கலாம். மிதித்தால் காது கூசுகிறதா? அல்லது சத்தம் மந்தமாகவே கிடக்கிறதா? விற்றுவிட அவசரப்படாதீர்கள். அது இன்னொருவரின் காலுக்கும் கைக்கும் ஏற்றபடி வைக்கப்பட்டிருக்கலாம்.

அந்தப் பெடல் உண்மையில் என்ன செய்கிறது? 'ஆ' என்று சொல்லிக்கொண்டே உள்ளங்கையால் வாயை மூடித் திறந்து பாருங்கள். அதே வேலைதான். குதிகாலை அழுத்தினால் அடிக்குரல் தூக்கலாகும். முன்பாதத்தை அழுத்தினால் மேல்குரல் கூர்மையாகும். பெரும்பாலான பெடல்களில் இந்த நகர்வு சுமார் 400 ஹேர்ட்ஸிலிருந்து (விநாடிக்கு எத்தனை அதிர்வு என்ற கணக்கு) 2,000 ஹேர்ட்ஸ் வரை போகும்.

1966இல் கலிபோர்னியாவின் தோமஸ் ஓர்கன் நிறுவனத்தில் பொறியியலாளர் பிராட் பிளங்கட் இதை உருவாக்கியபோது, ஓர்கனின் ஒலியளவுப் பெடல் கூட்டுக்குள்தான் சுற்றைப் பொருத்தினார். மிதிபலகை, பல் வைத்த கம்பி, அது சுழற்றும் பொட் (திருப்பினால் மின்தடை மாறும் பாகம்) என்ற அமைப்பு இன்றும் பல பெடல்களில் இருக்கிறது. அதனால்தான் வீட்டிலேயே திருத்த முடிகிறது.

எதைத் திருத்துவது? முதலில் அந்தப் பொட்டை. அது சுழலக்கூடிய தூரம் முழுவதையும் மிதிபலகை பயன்படுத்துவதில்லை. ஒரு பகுதியைத்தான் தொடுகிறது. எந்தப் பகுதி என்பதை நீங்கள் தீர்மானிக்கலாம். மின்சாரத்தையும் பற்றரியையும் கழற்றிவிட்டு அடித்தகட்டைத் திறங்கள். பல்சக்கரம் இப்போது நிற்கும் இடத்தைப் பேனாவால் குறியிடுங்கள். பொட்டின் நட்டைத் தளர்த்தி, சக்கரத்தைக் கம்பியிலிருந்து விலக்கி, ஒரே ஒரு பல் திருப்பி மறுபடி பொருத்துங்கள்.

எந்தப் பக்கம் திருப்புவது? பெடலுக்குப் பெடல் மாறும். ஒரு பல் திருப்பி வாசித்துக் கேளுங்கள். கீச்சொலி கூடினால் மறுபக்கம் போங்கள். மேல்பக்கம் நகர்த்தினால் அடிக்குரலில் கொஞ்சம் இழப்பீர்கள். இரண்டும் முழுதாகக் கிடைக்காது.

ஒரு எச்சரிக்கை. மூடுவதற்கு முன் பலகையைக் கையால் மெதுவாக இரு முனைவரை ஆட்டுங்கள். பலகை கீழே சேரும் முன்பே பொட் முட்டிக்கொண்டால் ஒரு பல் பின்வாங்குங்கள். அப்படியே காலால் மிதித்தால் பற்கள் உடையும்.

உங்கள் வாசிப்புக்கு எது பொருந்தும்? தனி வாசிப்பு அதிகமென்றால் உச்சம் கூர்மையாக இருக்கட்டும். நீண்ட சுரத்தின் மேல் காலை மெதுவாக நகர்த்துங்கள். தாளம் பிடிப்பவர்களுக்கு உச்சம் சற்றுத் தணிந்திருப்பது நல்லது. இல்லாவிட்டால் கிட்டார் பாடகரின் குரலை மறைத்துவிடும். திருவிழா மேடையின் ஒலிபெருக்கிகளில் இது இன்னும் மோசமாகக் கேட்கும்.

பைலா பாட்டுக்குக் காலை எப்படி அசைப்பது? அதன் ஓட்டம் ஆறெட்டு. ஆறு அடிக்கும் ஆறு முறை மிதித்தால் கால் களைக்கும், தாளமும் குழம்பும். மூன்றுக்கு ஒன்றாக, ஒரு சுற்றுக்கு இரண்டு அசைவு போதும். வேகமாக ஆட்ட, பலகை இலேசாக அசைய வேண்டும். பல பெடல்களில் அச்சிலுள்ள நட்டைச் சற்றுத் தளர்த்தலாம். வைத்த இடத்தில் பலகை நிற்கவேண்டுமானால் இறுக்குங்கள்.

ஆட்டும்போது பெடல் தானாக அணைந்துவிடுகிறதா? முன்பாதத்துக்குக் கீழேயுள்ள சுவிட்ச் உயரமாக நிற்கிறது. அதன் நட்டுகளைத் திருப்பி இறக்குங்கள். இதை வெறுங்காலுடன் செய்து பாருங்கள். கோயில் வளாகத்தில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் மேடையேறுவீர்கள். சப்பாத்துக் காலுக்குச் சரியான அழுத்தம் வெறுங்காலுக்குக் கடினமாக இருக்கும்.

ஒலியைச் சிதைக்கும் டிஸ்ரோஷன் பெடலும் உண்டா? வா-வாவை அதற்கு முன்னால் வைத்தால் பேச்சுப்போல நயமாகக் கேட்கும்; பின்னால் வைத்தால் நகர்வு முரட்டுத்தனமாகத் தெரியும். என் காதுக்கு முன்னால் வைப்பதே பிடிக்கும்.

இனி, நம் ஊர் மழை. இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் பெய்கிறது. ஈரமும் தூசும் பொட்டுக்குள் புகுந்தால் மிதிக்கும்போது கரகரக்கும். இலத்திரனியல் கடைகளில் கிடைக்கும் கொண்டாக்ட் கிளீனரை (மின்தொடர்புகளைச் சுத்தமாக்கும் திரவம்) பொட்டின் இடைவெளியில் சிறிது பீச்சி, பலகையைப் பலமுறை ஆட்டுங்கள். தேங்காயெண்ணெய் விடவே வேண்டாம், தூசு ஒட்டும். லயத்து அறையில் வெறும் சீமெந்துத் தரையில் வைக்காமல், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்துடன் மூடிய பையில் வையுங்கள்.

மின்சாரம்? பெரும்பாலானவை 9 வோல்ட். அடப்டர் வாங்கும்போது நடு முனை நேரா எதிரா என்று பெடலில் உள்ள குறியோடு ஒப்பிடுங்கள். மாறினால் சுற்று கருகலாம். மின்வெட்டுக்கு ஒரு பற்றரி உள்ளே இருக்கட்டும். வாசித்து முடிந்ததும் கிட்டாரிலிருந்து வரும் வயரைப் பெடலிலிருந்து பிடுங்கிவிடுங்கள். சுவிட்ச் அணைந்திருந்தாலும், அந்த வயர் செருகியிருக்கும்வரை பற்றரி தீர்ந்துகொண்டே இருக்கும்.