பேசாப் படத்தின் முகங்கள்

சொல்லே பொருளுக்கு உடல் என்று மாணவர்க்குப் பல்லாண்டு கற்பித்து வருபவன் யான். அத்தகைய என்னை, ஒரு சொல்லும் செவியிற் படாத படமொன்று தலைகுனியச் செய்தது. 'யோன் ஒவ் ஆர்க்கின் பாடுகள்' என்னும் அப்படம் 1928ஆம் ஆண்டு வெளிவந்தது. பிரான்சிலே அதனை இயக்கியவர் டென்மார்க்கு நாட்டினராகிய கார்ல் தியடோர் டிரெயர்.

1431ஆம் ஆண்டு மே 30ஆம் நாள், ரூவான் நகரிலே, ஏறத்தாழப் பத்தொன்பது வயதினளாகிய யோன் உயிரோடு எரிக்கப்பட்டாள். அவளை விசாரித்த வழக்கின் ஏடுகள் இன்றும் உள. அவற்றையே டிரெயர் ஆதாரமாகக் கொண்டார். பல நாள் நீண்ட விசாரணையை ஒரு நாள் நிகழ்ச்சிபோற் சுருக்கினார். போர்க்களமும் முடிசூட்டு விழாவும் அவருக்கு வேண்டப்படவில்லை, முகங்களே வேண்டப்பட்டன.

பெரும்பொருட் செலவிலே கோட்டையொன்று அமைக்கப்பட்டது. எனினும், அதன் சுவர்கள் வெண்ணிறப் பின்னணியாய்த் தோன்றுவதன்றி முழுமையாய்க் காட்டப்பெறவில்லை. அவ்வெண்மையின்முன் ஒப்பனையற்ற முகங்கள் திரை நிறைய நிற்கின்றன. தோலின் சுருக்கமும் மறைக்கப்படவில்லை. நீதிபதியரைக் கமரா கீழிருந்து அண்ணாந்து நோக்குகின்றது. யோனாக நடித்த பல்கொனெற்றியின் கண்ணிலே நீர் திரள்வதை மிக அருகிருந்து நோக்குகின்றது. மெய்ப்பாடு எட்டென வகுத்துக் கற்பித்தவன் யான். அழுகையும் அச்சமும் பெருமிதமும் ஒரே முகத்தில் ஒருங்கு நிற்றலை அங்கேதான் கண்டேன்.

"இறையருள் உனக்கு உண்டோ?" என வினவுகின்றனர் கற்றறிந்தோர். உண்டு எனின் செருக்காகும். இல்லை எனின் குற்றத்தை ஒப்புதலாகும். எழுத்தறியாத அப்பெண்ணோ, உண்டெனின் இறைவன் அதனைக் காக்க, இன்றெனின் அருளுக என்னும் கருத்துப்பட விடையிறுக்கின்றாள். அவ்விடத்தே யான் திடுக்கிட்டேன். நூலறிவின் பலத்தோடு, விடை தவறுமெனக் காத்திருந்து வினவும் அம்முகம் எனக்குப் புதியதன்று. வகுப்பறையிலே யானே பன்முறை பூண்ட முகம் அது.

அப்படத்துக்கும் எரியூட்டு நேர்ந்தது. 1928 டிசம்பரிலே, பேர்லினில் அதன் மூலச் சுருள் தீக்கிரையாயிற்று. முதல் வடிவம் அழிந்ததென்றே கருதி, 1968இல் டிரெயர் மறைந்தார். 1981இலே, நோர்வேயில் ஒஸ்லோவை அடுத்த உளநோய் மருத்துவமனை ஒன்றில் அதன் பிரதியொன்று கண்டெடுக்கப்பட்டது. அதனாலன்றோ இன்று நாமும் அம்முகத்தைக் காண்கின்றோம்!

இப்பொழுதெல்லாம் வகுப்பிலே வினா விடுத்தபின், விடைக்குச் செவிகொடுக்குமுன் மாணவன் முகத்தைச் சிறிது நோக்குகின்றேன். அஃது யான் பிந்திக் கற்ற பாடம்.