கடல் தாண்டிய பெண்கள் - 14: சிறைவாசலில் பெண் பார்க்கும் படலம்

முன்கதை என்று பெரிதாக எதுவும் சொல்லப்போவதில்லை. 1825 ஏப்ரல் 18 அன்று சுமத்ராவின் பென்கூலனிலிருந்து சிங்கப்பூரில் வந்திறங்கிய 80 மதராஸ் கைதிகளையும், அவர்களுள் இருந்த ஒற்றைப் பெண்ணையும் போன வாரம் படித்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். படிக்காதவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளவும்.

இந்த வாரம் அந்தமான் பெண்கள் சிறையின் தறிகளைக் காட்டுவதாகச் சொல்லியிருந்தேன். வாசல்வரை வந்தாயிற்று. ஆனால் அந்த வாசலிலேயே ஒரு விதி கண்ணில் பட்டு, என்னை உள்ளே போகவிடாமல் பிடித்துக்கொண்டது.

1858 மார்ச்சில் டாக்டர் வாக்கர் 200 கைதிகளோடு அந்தமானில் இறங்கினார். சில வருடங்களில் பெண் கைதிகளையும் அனுப்பத் தொடங்கினார்கள். குடும்பம் என்று ஒன்று இருந்தால் ஆண் கைதி ஓடமாட்டான், கலகம் செய்யமாட்டான் என்பது சர்க்கார் கணக்கு. நம் பக்கம் எப்படி என்றால், தருமபுரி அப்போது சேலம் ஜில்லாவில் இருந்தது. 1965 அக்டோபர் 2-ல்தான் தனி மாவட்டம். கொலை வழக்கு என்றால் செஷன்ஸ் கோர்ட்டில் தூக்கு, இல்லையென்றால் தீவாந்தர சிட்சை, அதாவது கடல் கடத்தல். (இந்தச் சிட்சை தண்டனைச் சட்டத்திலிருந்து நீங்கி, ஆயுள் தண்டனை என்று மாறியது 1956 ஜனவரி 1-ல்தான்.) அந்தமான் போன பெண்கள் பெரும்பாலும் கொலை வழக்கில் போனவர்கள். கணவனைக் கொன்றவர்கள் உண்டு, பெற்ற சிசுவைக் கொன்றவர்கள் உண்டு.

இனி அந்த விதி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்படி இருந்தது: பெண் கைதி ஐந்து வருடம் சிறையில் கழித்தால் கல்யாணம் செய்துகொள்ளலாம். ஆண், பத்து வருடம் உழைத்து, சொந்தமாகப் பிழைத்துக்கொள்ளும் டிக்கெட் வாங்கியிருக்க வேண்டும். கல்யாணம் ஆன பெண், பதினைந்து வருடம் முடிந்ததும் கணவனோடு தீவைவிட்டுப் போகலாம். ஆகாதவள் இருபது வருடம் இருந்தே தீரவேண்டும். தாலிக்கு ஐந்து வருடத் தள்ளுபடி!

அவசரப்பட வேண்டாம். பொடி எழுத்தில் இன்னொன்று இருக்கிறது. கணவனும் மனைவியும் ஒருவருக்காக மற்றவர் காத்திருந்து, சேர்ந்துதான் கிளம்ப வேண்டும். ஆணுக்கு முழு விடுதலை இருபதிலிருந்து இருபத்தைந்து வருடம். ஆக, ஐந்தாம் வருடத்தில் இருக்கும் பெண், பத்தாம் வருடத்தில் இருக்கும் ஆணைக் கட்டினால், அவளுக்குப் பதினைந்து முடியும்போது அவனுக்கு இருபது. கணக்கு கச்சிதம். அவனுக்கு இருபத்தைந்து என்று வைத்துவிட்டால்? அவளுக்கும் இருபது. தள்ளுபடி போயே போச்சு. நம்மூர் ஜோசியர் பத்துப் பொருத்தம் பார்ப்பதுபோல, அங்கே தண்டனை வருடப் பொருத்தம் பார்க்க வேண்டியிருந்தது. கூட்டிக் கழித்துப் பார்த்துத்தான் அந்தப் பெண்கள் தலையாட்டியிருப்பார்கள் என்பது என் கட்சி. நானாக இருந்தால் அப்படித்தான் செய்திருப்பேன்.

பெண் பார்ப்பது சிறையிலேயே. குறித்த நாளில் டிக்கெட்காரர்கள் வருவார்கள். பெண்களை வரிசையாக நிறுத்துவார்கள். அவன் நடந்துகொண்டே பார்ப்பான், ஒருத்தி முன் நிற்பான், பேசுவான். பிடிக்கவில்லை என்றால் அவள் மறுக்கலாம். அன்றைக்கு வெளியே, நம் ஊர்களில், எத்தனை பெண்களுக்கு அந்த உரிமை இருந்தது? சம்மதித்தால் அதிகாரி அனுமதி, பதிவு, பிறகு கிராமத்தில் குடித்தனம். போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) ஷாதிப்பூர் என்ற பகுதி இன்றும் இருக்கிறது. ஷாதி என்றால் கல்யாணம்.

சர்க்காரை எதிர்த்ததாகத் தொடரப்பட்ட வஹாபி வழக்கில் தண்டனை பெற்று 1866-ல் அந்தமான் வந்த மௌலானா ஜாபர் தானேசரியின் கதையை இங்கே சொல்லாவிட்டால் தூக்கம் வராது. முதலில் ஒரு காஷ்மீரப் பெண்ணை மணந்தார். அவர் இறந்தபின், அல்மோராவிலிருந்து வந்த ஒரு பிராமணப் பெண் கைதியை. அந்தப் பெண் மதம் மாறி அவரை மணந்தார். 1883-ல் மனைவி மக்களோடு மௌலானா ஊர் திரும்பினார். தன் அனுபவத்தைப் புத்தகமாகவும் எழுதினார்.

இப்படிச் சேர்ந்த தம்பதிகளுக்கு ஊர் வேறு, மொழி வேறு, பல சமயம் சாதியும் வேறு. அவர்களுடைய பிள்ளைகள் பேசியது இந்துஸ்தானி. 'லோக்கல் பார்ன்' என்று தங்களைச் சொல்லிக்கொள்ளும் அந்தச் சமூகம் இன்றும் அங்கே இருக்கிறது. கொலைக் கைதிகளுக்குச் சாத்தியமானது கைதியாகாத நமக்கு முடியவில்லை. ஒரு சாதி மறுப்புக் கல்யாணத்துக்காக 2012 நவம்பரில் நாயக்கன்கொட்டாய் பக்கம் மூன்று தலித் காலனிகள் எரிந்ததைப் பார்த்த மாவட்டம் இது.

"ஆஸ்திரேலியாவைப் பற்றி எப்போது எழுதுவீர்கள்?" என்று பென்னாகரத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார். பிரிட்டன் அங்கே அனுப்பிய சுமார் 1,62,000 கைதிகளில் பெண்கள் 25,000 பேர். அவர்களில் மேரி ரெய்பியை மட்டும் இப்போதைக்குச் சொல்கிறேன். பதின்மூன்று வயதில் ஆண் வேடமிட்டுத் திரிந்தவள் குதிரைத் திருட்டில் மாட்டினாள். தண்டனை ஏழு வருடம். 1792-ல் சிட்னி. அங்கே கல்யாணம், கணவர் இறந்தபின் கப்பல், கடை, நிலம் என்று எல்லாவற்றையும் தானே நடத்திப் பெரும் வியாபாரியானார். இன்று ஆஸ்திரேலியாவின் 20 டாலர் நோட்டில் இருப்பது அவர் முகம். வாசகரே, மெல்போர்னில் இருக்கும் உங்கள் பிள்ளையிடம் பர்ஸைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

தறிகளும், சிறைக்குள்ளேயே உயர்ந்து மேற்பார்வைக்காரர்களான கைதிப் பெண்களும் அடுத்த வாரம் நிச்சயம். சிசுக் கொலை வழக்குகளையும், 1992-ல் சேலத்தில் தொடங்கிப் பிறகு நம் மாவட்டத்துக்கும் வந்த தொட்டில் குழந்தைத் திட்டத்தையும் தொடாமல் அந்தப் பகுதியை எழுத முடியாது. அது இரண்டு வாரத்துக்கு நீளும் என்று ஆசிரியரிடம் சொல்லிவிட்டேன். இந்த வாரக் கட்டுரையை முதலில் அனுப்பச் சொல்கிறார்.

(தொடரும்)