அலியும் டைசனும் மோதினால்? கற்பனைச் சண்டைக்கும் கணக்கு உண்டு

முகமது அலியும் மைக் டைசனும் மோதியிருந்தால் யார் ஜெயித்திருப்பார்? வடசென்னைக் குத்துச்சண்டையைச் சொன்ன பா.ரஞ்சித்தின் ‘சார்பட்டா பரம்பரை’ படம் 2021-ல் வெளிவந்த பிறகு, இப்படிப்பட்ட பேச்சு வடசென்னையைத் தாண்டியும் கேட்கிறது. தென்காசி பக்கத்துச் சுந்தரபாண்டியபுரத்திலும் இந்த வாதம் கிளம்ப, செல்போனில் ஒரு பழைய வீடியோ போதும். பேச்சு பெரும்பாலும் ‘எங்காளுதான் பெரிய ஆள்’ என்பதோடு நின்றுவிடுகிறது. நிபந்தனைகளை முதலில் பேசி முடிவு செய்துகொண்டால் இதற்கு ஓரளவு நியாயமான விடை சொல்ல முடியும்.

கணினி நடத்திய சண்டை

இப்படிப்பட்ட கேள்வியைப் பெரிய வியாபாரமாகவே ஆக்கியவர் அமெரிக்காவின் மயாமியைச் சேர்ந்த வானொலித் தயாரிப்பாளர் முர்ரே வோரோனர். வெவ்வேறு காலத்து ஹெவிவெயிட் சாம்பியன்களின் வேகம், குத்தின் பலம், அடி தாங்கும் திறன் ஆகியவற்றுக்கு வல்லுநர்களிடம் மதிப்பெண் வாங்கி, அதை ‘என்சிஆர் 315’ கணினிக்குக் கொடுத்து, 1967-ல் ஒரு போட்டித் தொடரை வானொலியில் நடத்தினார். அந்தக் கணக்குப்படி ராக்கி மார்சியானோ சாம்பியன். அலியோ, ஜிம் ஜெஃப்ரிஸ் என்ற பழைய சாம்பியனிடம் தோற்றுப்போனார். கொதித்துப்போன அலி, 10 லட்சம் டாலர் கேட்டு மான நஷ்ட வழக்குப் போட்டார்.

வியட்நாம் போருக்குப் போக மறுத்ததால் பட்டம் பறிக்கப்பட்டு, அலி வளையம் ஏற முடியாமல் இருந்த நேரம் அது. வழக்கு சமரசமாகி, அலியும் மார்சியானோவும் சேர்ந்து நடிக்கும் ஒரு படத்தில் போய் முடிந்தது. ஓய்வுபெற்று 13 ஆண்டுகள் ஆகியிருந்த மார்சியானோ இதற்காக 20 கிலோவுக்கு மேல் எடை குறைத்தார், தலையில் டோப்பா வைத்துக்கொண்டார். 1969-ல் இருவரும் ஒரு நிமிட ரவுண்டுகளாகப் பலமுறை மோதினார்கள். வெவ்வேறு முடிவுகளும் படமாக்கப்பட்டன. அந்த ஆண்டு ஆகஸ்ட் 31-ல் மார்சியானோ விமான விபத்தில் இறந்தார். 1970 ஜனவரி 20 அன்று அமெரிக்கத் திரையரங்குகளில் ஓடிய படத்தில், 13-வது ரவுண்டில் அவர் அலியை நாக்-அவுட் செய்தார்.

மதிப்பெண் போட்டவர்கள் மனிதர்கள். அவர்களுடைய விருப்பு வெறுப்பும் சேர்ந்துதான் கணினிக்குள் போனது.

நிஜத்திலேயே மோதியபோது

இரண்டு தலைமுறைகள் நிஜமாகவே வளையத்தில் சந்தித்ததும் உண்டு. 1951 அக்டோபரில் 37 வயது முன்னாள் சாம்பியன் ஜோ லூயிஸை, 28 வயது மார்சியானோ எட்டாவது ரவுண்டில் வீழ்த்தினார். 1980 அக்டோபரில், ஒரு காலத்தில் தன்னோடு பயிற்சிச் சண்டை போட்ட லாரி ஹோம்ஸிடம் 38 வயது அலி தோற்றார். பத்தாவது ரவுண்டோடு அவர் தரப்பே சண்டையை நிறுத்திவிட்டது. இரண்டிலும் ஜெயித்தது இளமை. அதே 1980-ன் தொடக்கத்தில்தான் சென்னைக்கு வந்த அலி, ஜிம்மி எல்லிஸுடன் நேரு விளையாட்டரங்கில் காட்சிப் போட்டி ஆடினார்.

ஆக, முதல் நிபந்தனை வயது. ‘அலி’ என்று மட்டும் சொன்னால் போதாது. 1966-ன் அலியா, 1974-ல் ஃபோர்மேனை வீழ்த்திய அலியா, 1980-ல் சென்னை பார்த்த அலியா என்று சொல்ல வேண்டும்.

இளமைதான் ஜெயிக்கும் என்பதற்கு விதிவிலக்கும் நம் நாட்டிலேயே இருக்கிறது. 2019 டிசம்பரில், ஒலிம்பிக் தகுதிச்சுற்றுக்கான தேர்வுப் போட்டியில், தன்னைவிடப் பல வயது இளையவரான நிகத் ஜரீனை மேரி கோம் 9-1 என்ற கணக்கில் வென்றார். அதே நிகத் 2022-ல் உலக சாம்பியன் ஆனார்.

எத்தனை ரவுண்டு?

அடுத்த நிபந்தனை விதி. 1952 செப்டம்பர் 23, ஃபிலடெல்ஃபியா. சாம்பியன் ஜெர்சி ஜோ வால்காட் முதல் ரவுண்டிலேயே மார்சியானோவைக் கீழே சாய்த்தார். 12 ரவுண்டு முடிந்தபோது மூன்று நடுவர்களின் அட்டையிலும் வால்காட்டே முன்னிலை. 13-வது ரவுண்டில் மார்சியானோவின் ஒரே வலதுகைக் குத்து. வால்காட் சரிந்தார், பட்டம் கைமாறியது.

அன்றைக்குப் பட்டப் போட்டி 15 ரவுண்டு. 1982 நவம்பரில் ரே மான்சினியுடன் மோதிய தென்கொரிய வீரர் கிம் டுக்-கூ 14-வது ரவுண்டில் விழுந்து, சில நாட்களில் உயிரிழந்தார். அதன் பிறகே 12 ரவுண்டு என்ற வரம்பு படிப்படியாக வந்தது. இன்றைய விதிப்படி அந்த 1952 சண்டை நடந்திருந்தால் மார்சியானோ புள்ளிகளில் தோற்றிருப்பார். 49 சண்டை, 49 வெற்றி என்ற அவருடைய சாதனையும் இருந்திருக்காது.

எந்த எடை?

மார்சியானோ பட்டம் வைத்திருந்த காலத்தில் அவர் எடை சுமார் 85 கிலோ. இன்று 90.7 கிலோவைத் தாண்டினால்தான் ஹெவிவெயிட். அதற்குக் கீழே குரூசர்வெயிட். நம் காலத்து ஹெவிவெயிட் வீரரான டைசன் ஃப்யூரியோ 6 அடி 9 அங்குலம். எடைப் பிரிவைப் பார்க்காமல் இந்த இருவரையும் கற்பனையில் மோதவிடுவது நியாயமில்லை. உடம்பு மட்டுமே எல்லாம் என்றும் சொல்ல முடியாது. குரூசர்வெயிட்டிலிருந்து மேலேறி வந்த உக்ரைன் வீரர் உசிக், 2024-ல் தன்னைவிட உயரமும் எடையும் மிகுந்த ஃப்யூரியை வென்று காட்டினார்.

நம் கணக்கு எங்கே?

இவ்வளவு தூரம் வாதாட முடிவதே, அமெரிக்காவில் ரவுண்டு ரவுண்டாகக் கணக்கு எழுதி வைத்ததால்தான். நம்மிடம் சார்பட்டா, இடியாப்ப நாயக்கர், எல்லப்ப செட்டியார் எனக் குத்துச்சண்டைப் பரம்பரைகள் இருந்தன. ஆங்கிலோ இந்தியரான நாட் டெர்ரியை வென்றவர் என்று கித்தேரி முத்துவை வடசென்னை இன்றும் கொண்டாடுகிறது. 1994 பாங்காக் உலகக் கோப்பையில் வெண்கலம் வென்ற தேவராஜன், அர்ஜுனா விருது பெற்றவர். முத்துவையும் தேவராஜனையும் கற்பனை வளையத்தில் ஏற்ற நமக்கும் ஆசைதான். ஆனால் பரம்பரைக் காலத்து வீரர்களைப் பற்றி நம் கையில் இருப்பது பெரும்பாலும் வாய்மொழிச் செய்தி. எடை என்ன, எத்தனை ரவுண்டு, எதிரில் நின்றது யார் என்ற விவரம் அதில் முழுமையாக இல்லை. சொல்ல வேண்டியவர்களுக்கும் வயதாகிவிட்டது.

குத்துச்சண்டைக்கு மட்டுமான குறையல்ல இது. தென் மாவட்டக் கிராமங்களில் எடைப் பிரிவு வைத்து நடத்தும் கபடிப் போட்டிகளின் கதியும் இதுதான். கோப்பை வீட்டில் இருக்கும். ஆட்டத்தின் கணக்கு இருக்காது.

உங்கள் ஊரில் ஆடிய மூத்த ஆட்டக்காரர் யாராவது இருந்தால், அவரிடம் போய் உட்காருங்கள். ஆண்டு, எடை, எதிராளி, முடிவு ஆகிய நான்கையும் கேட்டு எழுதுங்கள். பழைய நோட்டீஸ், புகைப்படம் இருந்தால் செல்போனில் படம் எடுத்து வையுங்கள். இந்த ஆண்டுப் போட்டியிலிருந்தே ஒரு நோட்டுப் போடுங்கள்.