மாத்தளை மண்ணும் காணிப் பத்திரமும்

1652இல் யான் வான் ரீபெக் தலைமையில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி நன்னம்பிக்கை முனையில் அமைத்த தளம், ஆசியாவுக்குச் செல்லும் கப்பல்களுக்கு நீரும் காய்கறியும் இறைச்சியும் வழங்குவதற்காக மட்டுமே எழுந்தது. 1657இல் கம்பனி தன் ஊழியர் ஒன்பது பேரைச் சேவையிலிருந்து விடுவித்து, லீஸ்பீக் ஆற்றங்கரையில் கோதுமை பயிரிட நிலம் கொடுத்தபோது அத்தளம் குடியேற்றமாக மாறத் தொடங்கியது. அந்நிலம் கொய்கொய் எனப்படும் மேய்ப்பர் பருவந்தோறும் மாடுகளை ஓட்டிவந்து மேய்த்த புல்வெளியாகும். 1659இல் மூண்ட போர் அடுத்த ஆண்டு ஓய்ந்தபோது, நிலம் வாளால் வெல்லப்பட்டது என்று கூறி அதைத் திருப்பித் தர மறுத்த ஒல்லாந்தர், காட்டு வாதுமைச் செடிகளை வேலியாக நட்டு எல்லை வகுத்தனர். வயல் வேலைக்கு ஆபிரிக்காவிலிருந்தும், பின்னர் சோழமண்டலக் கரை, வங்காளம், இலங்கை முதலிய இடங்களிலிருந்தும் அடிமைகள் கொண்டுசெல்லப்பட்டனர்.

இலங்கையின் கரையோரத்தை ஆண்ட ஒல்லாந்தரால் கண்டி இராச்சியத்துக்குட்பட்ட மாத்தளையில் குடியேற இயலவில்லை. எனினும் முனையில் நடந்தது இங்கும் நடந்தது. நடத்தியவர்கள் 1815இல் கண்டியைக் கைப்பற்றிய ஆங்கிலேயர், பயிர் கோப்பி. வாளைவிட அமைதியாக வேலை செய்த கருவி, 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். காடுகளும் பயிரிடப்படாத நிலங்களும், உரிமை நிரூபிக்கப்படும்வரை, முடிக்குரியவை என்று அது கொண்டது. கண்டிப் பகுதியின் சேனை நிலங்களுக்கோ அரச சன்னசு எனப்படும் நிலக்கொடைப் பத்திரம், வரிப் பதிவு போன்ற எழுத்துச் சான்றைக் கேட்டது.

சேனை என்பது காட்டின் ஒரு பகுதியை வெட்டி எரித்து, சாம்பல் படிந்த மண்ணில் குரக்கன் முதலியவற்றை ஓரிரு போகம் விளைவித்தபின், மண் மீண்டும் வளம் பெறுவதற்காகப் பல ஆண்டுகள் தரிசாக விட்டுவைக்கும் பயிர்ச்செய்கை முறை. கிராமத்தார்க்கு அந்தத் தரிசும் பயிர்ச்செய்கையின் ஒரு பகுதியே. அளக்க வந்த அலுவலரின் கண்ணுக்கு அது ஆளில்லாக் காடு. மேய்ப்பர் திரும்பி வரவிருந்த புல்வெளியை வெற்றிடம் என்று கருதிய அதே பார்வை இது. இவ்வாறு முடிக்குரியதாக்கப்பட்ட நிலம் குறைந்த விலைக்குத் தோட்டத் துரைமாருக்கு விற்கப்பட்டது. வாங்கியவர்களுள் நிலச்சட்டத்தை நடைமுறைப்படுத்த வேண்டிய அரசாங்க உத்தியோகத்தரும் இருந்தனர் என்பது மன்னிக்க இயலாத செய்தி.

1848இல் துப்பாக்கி, நாய், கடை ஆகியவற்றின் மீது புதிய வரிகளும், வீதி அமைக்கக் கட்டாய உழைப்பும் சுமத்தப்பட்டபோது மனக்குறை கிளர்ச்சியாக வெடித்தது. தம்புள்ளையில் கொங்காலேகொட பண்டா அரசனாக முடிசூட்டப்பட்டார். மாத்தளைக் கச்சேரி தாக்கப்பட்டு வரிப் பதிவேடுகள் அழிக்கப்பட்டன. கிளர்ச்சித் தலைவர்களுள் ஒருவரான புரன் அப்பு அவ்வாண்டு ஆகஸ்ட் 8ஆம் நாள் கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இத்தோட்டங்களை உருவாக்கிய உழைப்பு பெரும்பாலும் தமிழருடையது. மதுரை, திருநெல்வேலி, திருச்சி, தஞ்சைப் பகுதிகளிலிருந்து ஆள் திரட்டி அழைத்துச் செல்லும் கங்காணியின் பின்னே புறப்பட்டவர்கள், மன்னார்க் கரையில் இறங்கி, தண்ணீர் அரிதான காட்டுவழியே 100 மைலுக்கு மேல் நடந்து தம்புள்ளை ஊடாக மாத்தளை சேர்ந்தனர். வாந்திபேதியும் காய்ச்சலும் வழியிலேயே ஆயிரக்கணக்கானோரைக் கொன்றன. பிழைத்து வந்தவர்கள் கொள்ளைநோய் தீர்க்கும் தெய்வமாகத் தாம் அறிந்திருந்த மாரியை மாத்தளையிலும் வழிபட்டனர். இன்றைய முத்துமாரியம்மன் கோயில் அந்த வழிபாட்டின் தொடர்ச்சி. வந்தவரைத் தோட்டத்தோடு கட்டிப்போட்டது கங்காணியிடம் வாங்கிய முற்பணக் கடன். பிற்காலத்தில், அக்கடனை அடைத்தால் ஆளை விடுவிக்கலாம் என்று தோட்டத்துரை எழுதிக் கொடுக்கும் ‘துண்டு’ இல்லாமல் ஒருவர் வேறு தோட்டத்துக்கு மாற இயலவில்லை. அம்முறை 1921இல்தான் ஒழிக்கப்பட்டது.

1869இல் இலங்கையில் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியை அழிக்க, தேயிலையும் கொக்கோவும் இறப்பரும் அதன் இடத்தைப் பிடித்தன. பயிர் மாறியதே தவிர நில உடைமை உழைத்தவர் பக்கம் திரும்பவில்லை. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம், தந்தையோ பாட்டனாரோ இலங்கையில் பிறந்ததற்குச் சான்று கேட்டு, தோட்டத் தமிழரில் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. 2003ஆம் ஆண்டின் சட்டத்தால் அக்குறை பெருமளவு தீர்ந்தபோதும், லயம் எனப்படும் தோட்டத் தொடர்வீடுகளில் வாழும் குடும்பங்களுள் மிகப் பலவற்றிடம் தாம் குடியிருக்கும் நிலத்துக்கான காணி உறுதி இன்றும் இல்லை. அதை அவர்களுக்கு வழங்குவது இனியும் தள்ளிப்போடக்கூடாத கடமை.