தொடாமலே சூடு அறியும் கருவி

கொரோனா காலத்தில் கடை வாசல்களில் நம் நெற்றிக்கு நேரே நீட்டப்பட்ட அந்தச் சிறு கருவி, உடம்புக்குள் எதையும் செலுத்தவில்லை. உடம்பிலிருந்து வந்த கதிர்களை வாங்கிக்கொண்டது, அவ்வளவுதான்.

எல்லாப் பொருள்களும் தம் சூட்டுக்கேற்ப அகச்சிவப்புக் கதிர்களை வீசிக்கொண்டே இருக்கின்றன. 1800ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல் சூரிய ஒளியை முப்பட்டகத்தால் பிரித்து, நிறம் நிறமாக வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்பைத் தாண்டி, கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத இடத்தில் சூடு இன்னும் கூடியிருந்தது. அகச்சிவப்புக் கதிர் அப்படித்தான் அகப்பட்டது. சூடு சற்றே ஏறினாலும் கதிர்வீச்சு பல மடங்கு வேகத்தில் ஏறும் என்பதை 1879இல் ஜோசப் ஸ்டெஃபான் கணக்காக எழுதிக் காட்டினார். கெல்வின் அளவில் வெப்பநிலை இரட்டித்தால், வீசும் ஆற்றல் 16 மடங்காகும்.

கருவியின் முகப்பிலுள்ள வில்லை இந்தக் கதிர்களைக் குவித்து, ‘தெர்மோபைல்’ என்னும் உணரியின் மேல் விழச் செய்கிறது. அங்கே இரு வேறு பொருள்களின் இணைப்புகள் சூடேறி, மிகச் சிறிய மின்னழுத்தம் பிறக்கிறது. அதை உள்ளிருக்கும் சிப் டிகிரியாக மாற்றிக் காட்டுகிறது. உருக்காலையில் 1,600 டிகிரி செல்சியஸில் உருகிக் கிடக்கும் எஃகையும், மின் நிலையத்தில் தளர்ந்து சூடேறும் கம்பி இணைப்பையும் ஆள் கிட்டே போகாமல் கண்காணிப்பது இப்படித்தான்.

ஆனால் கருவி காட்டும் எண்ணை அப்படியே நம்பிவிடக் கூடாது. பளபளக்கும் எவர்சில்வர் பாத்திரத்தில் வெந்நீர் ஊற்றி, வெளிப்புறத்தை அளந்து பாருங்கள். உள்ளதைவிட மிகக் குறைவாகக் காட்டும். பளபளப்பான உலோகம் தன் கதிரைக் குறைவாகவே வீசும். சுற்றியுள்ளவற்றின் கதிரைத்தான் பெரிதும் திருப்பி அனுப்பும். அதே பாத்திரத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி, சிறிது நேரம் கழித்து அதன் மேல் அளந்தால் எண் சட்டென்று ஏறிவிடும். தோல் நன்றாகக் கதிர் வீசுவதால் நெற்றியில் இந்தச் சிக்கல் இல்லை.

தொழிற்கூடக் கருவிகளில் தெரியும் சிவப்பு லேசர் புள்ளி குறி வைக்க மட்டுமே. 12:1 என்று குறித்த கருவி, 12 அடி தூரத்திலிருந்து ஓர் அடி அகல வட்டத்தின் சராசரிச் சூட்டையே சொல்லும். எனவே கிட்டே போய் அளப்பதே நல்லது. கண்ணாடி ஜன்னல் வழியாக அளந்தால் கண்ணாடியின் சூடுதான் கிடைக்கும்.

வீட்டில் காய்ச்சல் பார்ப்பவர்கள் நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டு, வெயிலிலிருந்து வந்தவரைச் சிறிது நேரம் உட்கார வைத்த பிறகே அளக்க வேண்டும். சந்தேகம் வந்தால் வாயிலோ அக்குளிலோ வைக்கும் தெர்மாமீட்டரால் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.